டயர் ஒருபக்கமாகத் தேய்கிறதா? அலைன்மென்ட்டுக்கு ஓடுமுன் செய்ய வேண்டியவை

என் காரின் இடது முன் சக்கரத்தை நின்றபடி பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. வெளிப்பக்கப் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன; இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று நினைத்தேன். பிறகு ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்து உள்விளிம்பைப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. உள்ளேயிருக்கும் நூலிழை தெரிந்தது. சில இடங்களில் அறுந்து பிசிர் பிசிராக நின்றது. முந்தைய நாள் முழுக்க அந்த டயரோடுதான் நெடுஞ்சாலையில் வந்திருந்தேன்.

அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை, செய்திருந்தேன். இரண்டு முறையும் அச்சிட்டுக் கொடுத்த தாளில் எல்லா எண்களும் பச்சை நிறத்தில், அதாவது அளவுக்குள் இருந்தன. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அது எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்று புரிந்த விஷயம் இதுதான்: அலைன்மென்ட் இயந்திரம் நிற்கிற காரை அளக்கிறது. கார் ஓடும்போதும் வளையும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் எப்படி நின்றது என்பது டயரில்தான் பதிவாகிறது. இரண்டும் முரண்பட்டால் நான் டயரைத்தான் நம்புவேன். அதனால் முதலில் டயரைப் படியுங்கள், பிறகு காரைக் குலுக்கிப் பாருங்கள், இயந்திரத்திடம் கடைசியாகப் போங்கள். இந்தக் கட்டுரையின் வரிசையும் அதுவே.

வேகத்துக்கென்று செய்யப்பட்ட கார்களில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? டயர் அகலமானது, பக்கச்சுவர் குட்டையானது, ரப்பர் மிருதுவானது. வளைவில் பிடிப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே சக்கரத்தின் தலையைச் சற்று உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள். போதாததற்கு, பல கார்களில் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை. சாதாரணக் காரில் பல ஆண்டுகள் மறைந்து கிடக்கும் சிறு தவறு, இங்கே சில ஆயிரம் கிலோமீட்டரில் வெளிப்பட்டுவிடும்.

முதலில் பத்திரம்

நான்கு டயர்களின் உள்விளிம்பையும் பாருங்கள். முன் சக்கரத்தை ஸ்டீயரிங் ஒடித்துப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்குக் காரின் அடியில் கைபேசியை நீட்டிப் படம் எடுப்பது எளிது. நூலோ கம்பியோ தெரிந்தால், பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால், அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டயரின் முக்கியப் பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும், அவை 1.6 மி.மீ. உயரம். தேய்ந்த பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. உள்பக்க மேடு மட்டும் தொட்டிருந்தாலும் முடிந்தது முடிந்ததுதான். மற்ற பக்கத்தில் நிறைய மீதமிருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கூடாது.

அளந்து எழுதுங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறு கருவி மலிவானது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். சுற்றளவை மூன்று பங்காகப் பிரித்து, சாக்கட்டியால் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் அதேபோல் அளக்க வேண்டும். ஒரு டயருக்கு 9 எண்கள், காருக்கு 36.

சுற்றளவில் மூன்று இடங்களில் ஏன்? சக்கரக் கோணம் தவறாக இருந்தால் பெரும்பாலும் சுற்று முழுதும் ஒரே மாதிரிதான் தேயும். ஒரு குறியில் 5 மி.மீ., அடுத்த குறியில் 3.5 மி.மீ. என்று ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் கோணத்தின் வேலை அன்று. ஷாக் அப்சார்பர், பேலன்சிங், வளைந்த ரிம், பேரிங் இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். இந்த ஒரே பிரிவினையில் பாதிச் சந்தேகங்கள் விலகிவிடும்.

காற்றழுத்தத்தையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கார் குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிய சூட்டில் அளந்த எண் ஏமாற்றும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினாலே அழுத்தம் ஏறக்குறைய 1.5 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை மாறும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உள்ளங்கையால் தடவுங்கள்

அளவுகோல் காட்டாததைக் கை காட்டும். முதலில் நூலோ கம்பியோ வெளியே வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பி கையைக் கிழித்துவிடும். பிறகு உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பை நோக்கி மெதுவாக இழுங்கள். அதன்பின் எதிர்த்திசையில் இழுங்கள். மீனைச் செதில் வாட்டத்தில் தடவினால் வழுக்கும், எதிர்வாட்டத்தில் தடவினால் குத்தும் அல்லவா? டோ தவறான டயர் அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். உள்ளே சாய்ந்தால் மைனஸ் கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் பாதங்களைப் போல உள்பக்கம் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிப்பக்கம் விரிந்திருந்தால் டோ-அவுட்.

டோ-இன் அதிகமாகிவிட்டால் சக்கரம் உள்ளே போகப் பார்க்கும். காரோ அதை நேராக இழுத்துக்கொண்டு போகும். அதனால் டயர் சாலையில் வெளிப்பக்கமாகச் சறுக்கியபடியே உருளும். ஒவ்வொரு ரப்பர்த் துண்டின் வெளி ஓரமும் மழுங்கி, உள் ஓரம் கூர்மையாக நிற்கும். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுக்கும், உள்ளிருந்து வெளியே தடவினால் குத்தும். மொத்தத்தில் வெளித்தோள், அதாவது டயர்ப் பரப்பின் வெளி ஓரம், அதிகம் தேயும். டோ-அவுட் என்றால் எல்லாம் தலைகீழ்: வெளியிலிருந்து உள்ளே போகும்போது குத்தும், உள்தோள் தேயும்.

கேம்பர் மட்டும் அதிகம் என்றால் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கும், ஆனால் இந்தச் செதில் இருக்காது. ஆகவே உள்பக்கம் தேய்ந்த டயரைப் பார்த்தவுடன் கேம்பர்தான் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். கையை வைத்துப் பாருங்கள்.

டோ எவ்வளவு கொடியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு சக்கரம் 0.2 டிகிரி திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குல ரிம்மில் அது முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 1.6 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கார் 1 கி.மீ. நேராகப் போகும்போது அந்த டயர் 3.5 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 35 கி.மீ. பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போனதற்குச் சமம். மைனஸ் 2 டிகிரி கேம்பர் இருந்தும் டோ சரியாக இருந்த டயர்கள் பொறுமையாகத் தேய்வதைப் பார்த்திருக்கிறேன். அதே கேம்பரோடு சிறிது டோ-அவுட் சேர்ந்தால் உள்விளிம்பு கரைந்துபோகும், ஏனென்றால் சாய்வினால் ஏற்கெனவே பாரம் விழும் இடத்திலேயே உரசலும் விழுகிறது.

இப்போது கையைச் சுற்றளவின் போக்கில் தடவுங்கள். ஒவ்வொரு ரப்பர்த் துண்டும் ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தாழ்ந்து ரம்பப் பல்லைப் போல இருக்கலாம். இயக்கும் விசை வராத சக்கரங்களில், குறிப்பாக முன் சக்கர இயக்கக் கார்களின் பின் டயர்களில் இது அதிகம். இடம் மாற்றாமல் பல காலம் ஒரே சக்கரத்தில் ஓடிய டயரில் தானாகவே ஓரளவு வரும்; டோ தவறு அதை வேகப்படுத்தும். அப்போது வரும் ஊளைச் சத்தத்தைக் கேட்டுப் பேரிங் போய்விட்டது என்று பலர் பேரிங்கை மாற்றிவிடுகிறார்கள். சத்தம் சாலையின் பரப்பு மாறும்போது மாறினால் டயர். வண்டியை இடமும் வலமுமாக மெதுவாக அசைத்து ஓட்டும்போது கூடிக் குறைந்தால் பேரிங்.

எந்தத் தேய்மானம் எதைச் சொல்கிறது

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு தோள்களும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. இதை எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் சக்தி வாய்ந்த பின் சக்கர இயக்கக் காரில் காற்று சரியாக இருந்தும் பின் டயரின் நடு தேயும். அடிக்கடி ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிப்பவர்களுக்கு அது இயல்பு. ரிம்முக்குப் பொருந்தாத அளவு அகலமான டயரைப் போட்டிருந்தாலும் நடு வில்லாக வளைந்து தேயும்.

வெளித்தோள் மட்டும் தேய்ந்து, செதில் இல்லாமல், ரப்பர் பொரிந்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால் ஓட்டும் முறையைப் பாருங்கள். வளைவுகளில் வேகமாகப் போகும் காரில் பாரம் வெளிப்பக்க முன் டயரின் வெளித்தோளில் போய் விழும். பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டினாலே அந்தத் தோள் உருண்டுவிடும். அங்கே மைனஸ் கேம்பர் போதவில்லை என்று பொருள். அதே காரை நேரான நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு அதே கேம்பர் உள்தோளைத் தின்னும். இரண்டு பேரின் காரும் பழுதானதல்ல. காரைக் கடைக்காரரிடம் கொடுக்கும்போது எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

சுற்றளவில் குழி குழியாக, விரல் வைத்தால் பதியும் பள்ளங்கள் வரிசையாக இருந்தால், சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். பானெட்டை அழுத்திவிட்டுக் கார் எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை, கடினமான ஸ்பிரிங் கொண்ட கார்களில் ஒன்றும் காட்டாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது.

அடுத்து, ஒப்பிட்டுப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அமைப்பிலோ பழக்கத்திலோ காரணம் இருக்கும்: கேம்பர், மொத்த டோ, காற்று, ஓட்டும் முறை, காரின் உயரத்தைக் குறைத்தது. ஒரு சக்கரம் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த மூலையில் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. நடைபாதைக் கல்லில் ஏறியதா, குழியில் விழுந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

குலுக்கிப் பாருங்கள்

சமதளத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே கையையோ தலையையோ கொடுக்காதீர்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, அதாவது கடிகாரத்தின் 12-இலும் 6-இலும், உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). 9-இலும் 3-இலும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனைகளைப் பாருங்கள். ஒருவர் ஆட்ட, மற்றொருவர் மூட்டின் மேல் விரலை வைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத தளர்வும் விரலுக்கு ‘டக்’கென்று தெரியும். பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ரிம் நெளிந்து ஓடுகிறதா என்று ஒரு குச்சியை அசையாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். என் காரும் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. தேறாதது புஷ். சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், காரின் அடிச்சட்டமான சேஸிஸில் இணையும் இடத்தில் உருளை வடிவ ரப்பர் இருக்கும். சஸ்பென்ஷன் அசைவதற்கு இடம் கொடுத்தபடியே சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது அதுதான். கார் நிற்கும்போது ஸ்பிரிங்கின் பாரம் எல்லாவற்றையும் அழுத்தி வைத்திருந்ததால் அது ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒரு நீண்ட கம்பியை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கொடுத்து நெம்பியபோது, ரப்பரின் முன்பாதி வாய் பிளந்ததுபோல் திறந்துகொண்டது. விரிசல் பல காலமாக அங்கேயே இருந்திருக்கிறது. உள்ளே தூசி படிந்திருந்தது. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் அந்தச் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து டோ-அவுட் பக்கம் திரும்பியது, காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. அலைன்மென்ட் மேடையில் யாரும் பிரேக் பிடித்து ஓட்டிப் பார்ப்பதில்லை. தாள் பச்சையாக இருந்ததில் வியப்பில்லை.

ஆகவே கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்காமல் புஷ் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மெதுவாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் லேசாக இழுக்கிறதா, விட்டதும் நேராகிறதா என்றும் கவனியுங்கள். அது நல்ல தடயம். புஷ் மாற்றும்போது ஒரு நுணுக்கம்: கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும் உயரத்தில்தான் ஆர்மின் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், காரை இறக்கியதும் புது ரப்பர் நிரந்தரமாகத் திருகிக்கொண்டு நின்று சீக்கிரமே கிழிந்துவிடும்.

இப்போது அலைன்மென்ட்

தளர்ந்தவற்றை மாற்றி, காற்றைச் சரிசெய்த பிறகு போங்கள். தேய்ந்த மூட்டோடு செய்யும் அலைன்மென்ட் அடுத்த குழி வரைதான் நிற்கும். ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தால், சில நாள் ஓட்டி அது உட்கார்ந்த பிறகு செய்யுங்கள். காரின் உயரம் குறைந்தால் பெரும்பாலும் கேம்பர் மேலும் உள்ளே சாயும், டோவும் மாறும். தாழ்த்திவிட்டு அலைன்மென்ட் பார்க்காத காரின் டயர் ஏன் உள்பக்கம் கரைகிறது என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

திருத்துவதற்கு முன் இருந்த அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் டயரில் படித்ததற்கு அதுதான் விடைத்தாள். இடது வலது கேம்பருக்கு நடுவே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று கேளுங்கள். வேலை பின் சக்கரத்தில் தொடங்கி முன் சக்கரத்தில் முடிய வேண்டும், ஏனென்றால் கார் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பின் சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் ஸ்டீயரிங் கோணலாக நின்றுவிடலாம். எரிபொருள் அளவும் ஓட்டுநர் எடையும் கணக்கில் வர வேண்டுமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. இருக்கையில் எடை வைத்து அளக்கச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தால் போதும் என்று விடாமல், டோ இரண்டு பக்கமும் சமமாக, வரம்பின் நடுவில் வரும்படி கேட்டு வாங்குங்கள்.

இயந்திரம் இல்லாமல் டோவைத் தோராயமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு முன் டயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்தில், ஒவ்வொரு புள்ளி வைத்து அவற்றின் நடுவிலான தூரத்தை அளங்கள். அதே புள்ளிகள் பின்புறம் வரும்வரை காரை உருட்டி மீண்டும் அளங்கள். முன்னால் அளந்தது குறைவு என்றால் டோ-இன், கூடுதல் என்றால் டோ-அவுட். அதே புள்ளிகளை இரு முறையும் பயன்படுத்துவதால் ரிம்மின் நெளிவு கணக்கைக் கெடுக்காது. அளவுநாடாவைத் தொய்வில்லாமல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். இதை வைத்துத் திருத்த முடியாது. பெரிய தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பழைய டயரை என்ன செய்வது

காரணத்தைச் சரிசெய்தாலும் தேய்ந்த வடிவம் உடனே மாறாது. செதிலும் குழியும் உள்ள டயர் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கலாம். சரிசெய்தது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு சக்கர இயக்கக் காரில் மட்டும் ஒற்றை டயரை மாற்றுமுன் யோசியுங்கள். ஆழத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் 12 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். அந்த வேறுபாட்டை ஓடும் நேரமெல்லாம் கியர் அமைப்பு தாங்க வேண்டும். எவ்வளவு அனுமதி என்று கையேட்டில் பாருங்கள்.

புது டயர் போட்ட அன்றே 36 எண்களையும் எழுதி, கிலோமீட்டரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஆனதும் கையால் தடவிப் பாருங்கள். டோ தவறு இருந்தால் அளவுகோலுக்கு முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். 3,000 கி.மீ. ஆனதும் மீண்டும் அளங்கள். என் காரில் புஷ் மாற்றிப் புது டயர் போட்டு 5,000 கி.மீ. கழித்து அளந்தபோது, அந்த இடது முன் டயரில் உள்ளே 6.1, நடுவில் 6.3, வெளியே 6.3 மி.மீ. இருந்தது. அலைன்மென்ட் தாளில் இருந்த எண்கள் பழைய தாளில் இருந்தவற்றிலிருந்து பெரிதாக மாறியிருக்கவில்லை.